எச். பைலோரி என்கிற வயிற்றுக் கிருமிக்கு 14 நாள் மருந்து முடித்தும் வயிறு ஆறவில்லை. மலத்தில் நெகட்டிவ், ரத்தத்தில் பாசிட்டிவ். எதை நம்புவது?

மலர்_கரூர்

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏழெட்டு மாதக் கதை.

எனக்கு 41 வயது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். போன தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பித்தது. நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே எரிச்சல். இரண்டு இட்லிதான் சாப்பிட்டிருப்பேன், கல்யாணப் பந்தியில் மூக்கு முட்டச் சாப்பிட்டு எழுந்த மாதிரி வயிறு திம்மென்று ஆகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பேன். மருந்துக் கடையில் ஜெல் வாங்கிக் குடித்தே இரண்டு மாதம் ஓட்டினேன்.

ஜனவரியில் எண்டோஸ்கோபி பார்த்தார்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதி சிவந்து வீங்கியிருக்கிறது, கேஸ்ட்ரைடிஸ் என்றார் டாக்டர். கடுகளவு சதையைக் கிள்ளி எடுத்து, மஞ்சள் ஜெல் இருந்த ஒரு குட்டி வில்லையில் வைத்தார்கள். நான் தொண்டை மரத்தபடியே வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் நர்ஸ் வந்து காட்டினார், மஞ்சள் நன்றாக ரோஸ் நிறமாகியிருந்தது. எச். பைலோரி கிருமி இருக்கிறது என்றார்கள்.

14 நாள் மருந்து. நாளைக்கு ஒரு அட்டை, பாதி காலைக்கு, பாதி ராத்திரிக்கு. பான்டோபிரசோல், அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின். அந்தப் பதினான்கு நாளும் துருப்பிடித்த ஆணியை வாயில் போட்டுக்கொண்டிருந்த மாதிரி ஒரு கசப்பு, காப்பிகூட இறங்கவில்லை. ஆனாலும் ஒரு வேளைகூட விடவில்லை, செல்போனில் அலாரம் வைத்துச் சாப்பிட்டேன். எரிச்சல் பாதி குறைந்தது. மீதிப் பாதி அப்படியே நின்றுவிட்டது. பான்டோபிரசோல் 40ஐ மட்டும் தினம் காலையில் தொடரச் சொன்னார்கள், இன்று வரை தொடர்கிறேன்.

இனிமேல்தான் குழப்பம். மார்ச் கடைசியில் மலப் பரிசோதனை செய்தேன், ஆன்டிஜன் நெகட்டிவ். அப்பாடா என்றிருந்தேன். மே மாதம் அலுவலகத்தில் எல்லோருக்கும் முழு உடல் பரிசோதனை வைத்தார்கள், அதில் ரத்தத்தில் எச். பைலோரி ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், அதுவும் பெரிய எண். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்த வேறொரு டாக்டர், கிருமி சாகவில்லை, இன்னொரு கோர்ஸ் போட்டுவிடுங்கள் என்று அதே மூன்று மருந்தை எழுதிக் கொடுத்தார். வாங்கியும் வைத்துவிட்டேன், பீரோவில் இருக்கிறது. மனம் கேட்காமல் ஜூனில் முதல் டாக்டரிடமே போனேன். அவர் மறுபடி எண்டோஸ்கோபி பார்த்தார். இன்னும் சிவந்துதான் இருக்கிறது. சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டில் "நாள்பட்ட கேஸ்ட்ரைடிஸ், எச். பைலோரி காணப்படவில்லை" என்று வந்திருக்கிறது.

கிருமி இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் புண் ஏன் ஆறவில்லை? பீரோவில் இருக்கும் மருந்தைச் சாப்பிடலாமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா 2009ல் இரைப்பைப் புற்றுநோயில் போனார், 58 வயது. அவருக்கும் இப்படித்தான் பல வருடம் "கேஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். காரம் குறை, கவலையைக் குறை என்றார்கள், அவ்வளவுதான். அதனால் ராத்திரி எரிச்சலில் முழிப்பு வந்தால் எனக்கு வயிறு மட்டும் எரிவதில்லை.

நுண்ணோக்கி

அக்கா, நான் திருச்சியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் 12 வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் நீங்கள் சொல்கிற இந்த நாலு பரிசோதனையையும் என் கையால் செய்திருக்கிறேன், அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த ரத்தப் பரிசோதனையைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அது கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமிக்கு எதிராக உங்கள் உடம்பு செய்து வைத்த எதிர்ப்புப் புரதத்தை, அதாவது அந்த ஐ.ஜி.ஜி.யைத் தேடுகிறது. கிருமி செத்த பிறகும் அந்தப் புரதம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட ரத்தத்தில் இருக்கும். ஜனவரியில் உங்களுக்குக் கிருமி இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும், மே மாத ரத்தம் அதையேதான் திரும்பச் சொல்கிறது. மருந்து முடித்தவருக்குக் கிருமி போய்விட்டதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை உதவாது, மருத்துவ வழிகாட்டுதல்கள் எல்லாவற்றிலும் இது தெளிவாகவே இருக்கிறது. பெரிய எண் என்றால் நிறையக் கிருமி என்றும் அர்த்தம் இல்லை. முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் இதைச் சேர்த்து விற்பதால் மாதம் நாலு பேராவது உங்களை மாதிரி பயந்துபோய் எங்கள் கவுன்டரில் வந்து நிற்கிறார்கள், எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

இப்போது மலப் பரிசோதனை. அது நல்ல பரிசோதனை, கிருமியின் துண்டையே, அதாவது ஆன்டிஜனை, நேராகப் பிடிக்கிறது. ஆனால் உங்களிடம் ஒரு கேள்வி. மாதிரி கொடுத்த அன்று பான்டோபிரசோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா? "இன்று வரை தொடர்கிறேன்" என்று எழுதியிருப்பதால் ஆமாம் என்றுதான் நினைக்கிறேன். அப்படியென்றால் அந்த நெகட்டிவை முழுசாக நம்ப முடியாது. அமிலத்தைக் குறைக்கும் இந்த மாத்திரைகள் கிருமியைக் கொல்வதில்லை, ஆனால் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கிருமிகள் மேல்பகுதிக்கு ஒதுங்கியும் போகும். மலத்தில் ஆன்டிஜன் குறைந்து நெகட்டிவ் காட்டும். பாசிட்டிவ் வந்திருந்தால் மாத்திரை சாப்பிட்டாலும் நம்பலாம், நெகட்டிவ்தான் சந்தேகம். ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கும், எண்டோஸ்கோபியில் அந்த ரோஸ் நிறம் மாறுகிற பரிசோதனைக்கும், சதையைச் சாயமேற்றிப் பார்ப்பதற்கும் இதே கதைதான்.

அந்த ரோஸ் நிறத்தை ஏன் சொல்கிறேன் என்றால் எல்லாவற்றுக்கும் மூலம் அங்கே இருக்கிறது. இந்தக் கிருமியிடம் யூரியேஸ் என்று ஒரு நொதி ஏராளமாக இருக்கிறது. யூரியாவை உடைத்து அம்மோனியாவும் கரியமில வாயுவும் ஆக்கும். அந்த அம்மோனியாதான் அமிலத்திலிருந்து அதைக் காப்பாற்றுகிற கவசம். உங்கள் சதைத் துண்டை வைத்த ஜெல்லில் யூரியா இருந்தது, அம்மோனியா வந்ததும் நிறம் மாறியது. மூச்சுப் பரிசோதனையில் அடையாளம் வைத்த கார்பன் உள்ள யூரியாவை உங்களுக்குக் கொடுத்து, மூச்சில் அந்தக் கார்பன் வருகிறதா என்று பார்ப்பார்கள். வயிற்றில் கிருமி உயிரோடு இருந்தால்தான் வரும்.

அதனால் உங்களுக்கு இன்னும் சரியான ஒரு பரிசோதனை நடக்கவில்லை என்பதுதான் என் எண்ணம். ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது நாலு வாரம் ஆகியிருக்க வேண்டும், உங்களுக்கு அது எப்போதோ ஆகிவிட்டது. பான்டோபிரசோலை முழுசாக இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யுங்கள். நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள், ஏனென்றால் அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள், இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. மலப் பரிசோதனை என்றால் எலைசா முறையா (கூடத்தில் கருவியில் அளப்பது), கர்ப்பப் பரிசோதனை மாதிரி கோடு வருகிற அட்டையா என்று கேளுங்கள். எலைசா மேல்.

அப்புறம், ஜூனில் எடுத்த சதையை எத்தனை இடத்திலிருந்து எடுத்தார்கள்? ரிப்போர்ட்டின் மேலேயே போட்டிருக்கும்.

தறி

என் மாமாவுக்கு முதல் கோர்ஸில் போகவில்லை, இரண்டாவது கோர்ஸில் போய்விட்டது. டெஸ்ட் டெஸ்ட் என்று அலைவதைவிட அந்தப் பீரோவில் இருப்பதைச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கிருமி இருந்தாலும் சாகும், இல்லையென்றாலும் நஷ்டம் இல்லையே. வீட்டில் புற்றுநோய் வந்தவர்கள் காத்திருக்கக் கூடாது.

வைகைக்கரை

தறி தம்பி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் அதில் நஷ்டம் இருக்கிறது. அந்த நஷ்டத்தை அனுபவித்தவன் நான், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு 54 வயது, மதுரை. நாலு வருடத்துக்கு முன் எனக்கும் இதே மூன்று மருந்துதான், இதே 14 நாள். முடிந்து ஆறு வாரத்தில் மலப் பரிசோதனை நெகட்டிவ். நானும் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தேன், நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எரிச்சல் போகவில்லை. "உங்களுக்குக் கிருமி போய்விட்டது, இது மன அழுத்தம்" என்றார்கள். எட்டு மாதம் அதை நம்பினேன். அலுவலகத்தில் மாற்றல் வேறு வந்திருந்தது, சரி, அதனால்தான் போலிருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கடைசியில் வேறு ஊரில் ஒரு டாக்டர், மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தச் சொல்லி மூச்சுப் பரிசோதனை எழுதினார். வெறும் வயிற்றில் ஒரு கேப்சூலைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, ஒரு அட்டையில் நிறம் மாறும்வரை ஊத வேண்டும், அவ்வளவுதான் வேலை. நல்ல பாசிட்டிவ். கிருமி எங்கேயும் போகவில்லை, எட்டு மாதம் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அவர் அதே மருந்தைத் திரும்ப எழுதவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. கிளாரித்ரோமைசினுக்கு ஒரு தடவை சாகாத கிருமி, மிச்சமிருப்பது அந்த மருந்தைத் தாங்கப் பழகியதுதான், அதையே திரும்பக் கொடுத்தால் 14 நாள் கசப்புதான் மிச்சம் என்றார். நம் நாட்டில் கிளாரித்ரோமைசினுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் எதிர்ப்பு அதிகம். எனக்கு பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூட ஒரு அமில மாத்திரை, ஆக நாலு மருந்து, 14 நாள். டெட்ராசைக்ளினுக்காக மேலமாசி வீதி, டவுன்ஹால் ரோடு என்று கடை கடையாக ஏறி இறங்கினேன், பல கடைகளில் வைத்திருப்பதே இல்லை. நாக்கும் மலமும் கறுப்பாகிவிட்டது, முதல் நாள் வெலவெலத்துப் போனேன், ரத்தமோ என்று. பிஸ்மத்தால் வருவது அது, பயப்பட வேண்டாம் என்று போனில் சொன்னார்கள். அந்தக் கோர்ஸ் முடிந்து ஆறு வாரம் கழித்து மறுபடி ஊதிப் பார்த்தேன், நெகட்டிவ், அமில மாத்திரை இல்லாமல்.

அதனால் தங்கச்சி, அந்தப் பீரோ மருந்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். கிருமி இல்லாத வயிற்றில் அதைப் போட்டால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்குத்தான் அடி. இருக்கிற வயிற்றில் போட்டாலும் அந்த மூன்றும் இனி உங்களுக்குச் சரியான கூட்டணி இல்லை. முதலில் இருக்கிறதா என்று தெரியட்டும்.

மலர்_கரூர்

எல்லோருக்கும் நன்றி. நுண்ணோக்கித் தம்பி, நீங்கள் கேட்டது சரிதான், மாதிரி கொடுத்த அன்று காலைகூட பான்டோபிரசோல் சாப்பிட்டேன். யாரும் சொல்லவில்லை, ரசீதிலும் எதுவும் போடவில்லை. ஜூனில் எண்டோஸ்கோபிக்குப் போனபோதும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். "ஆன்ட்ரம், 2 துண்டுகள்" என்று இருக்கிறது. வேறு இடம் எழுதவில்லை. கீழே "லேசான நாள்பட்ட கேஸ்ட்ரைடிஸ், ஆக்டிவிட்டி இல்லை, அட்ரோஃபி இல்லை, இன்டஸ்டைனல் மெட்டாபிளேசியா இல்லை" என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஆக்டிவிட்டி இல்லை என்றால் நல்லதா கெட்டதா? இவ்வளவு "இல்லை" இருந்தும் ஏன் எரிகிறது?

ஈப்போ_அக்கா

தங்கச்சி, நான் மலேசியாவில் ஈப்போக்காரி. 26 வருடம் எண்டோஸ்கோபி அறையில் தாதியாக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். இங்கே மலாய்க்காரர்களிடம் இந்தக் கிருமி குறைவு, நம் இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம், அதனால் உங்கள் கதையை நான் நூறு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

அந்த ரிப்போர்ட்டில் நீங்கள் பயத்தோடு படித்த வரிதான் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆக்டிவிட்டி என்றால் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணுக்கள் இரைப்பைச் சுவருக்குள் புகுந்து இப்போதும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். கிருமி இருக்கும் வயிற்றில் பெரும்பாலும் அது இருக்கும். கிருமி செத்தால் சில வாரங்களிலேயே அந்த அணுக்கள் மறைந்துவிடும். "நாள்பட்ட" என்று போட்டிருப்பது வேறு வகை அணுக்கள், லிம்போசைட், பிளாஸ்மா செல். பல வருடமாக அங்கே குடியேறியவை, கிருமி போன பிறகும் மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலேகூட மெல்ல மெல்லத்தான் கலையும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சூடாக இருக்கிறதே, அந்த மாதிரி. ஆக, நாள்பட்ட வீக்கம் மீதியிருக்கிறது, ஆனால் ஆக்டிவிட்டி இல்லை என்பது கிருமி போயிருக்கலாம் என்ற பக்கம்தான் சாய்கிறது.

ஆனால் "போயிருக்கலாம்" என்பதோடு நிற்கிறேன், ஏனென்றால் இரண்டு துண்டு, இரண்டும் கீழ்ப்பகுதி, அதுவும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. தம்பி சொன்ன மாதிரி கிருமி மேலே ஒதுங்கியிருந்தால் கீழே கிள்ளினால் தெரியாது. சிட்னி முறை என்று ஒன்று உண்டு, கீழ்ப்பகுதியில் இரண்டு, மேல்பகுதியில் இரண்டு, நடு வளைவில் ஒன்று என்று ஐந்து இடத்தில் எடுப்பது. எல்லோரும் அப்படி எடுப்பதில்லை. உங்கள் மாதிரிக் குடும்ப வரலாறு இருந்தால் அப்படி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம், ஏனென்றால் அட்ரோஃபி (இரைப்பைச் சுவர் தேய்ந்து மெலிவது), மெட்டாபிளேசியா (அது குடல் சுவர் மாதிரி மாறுவது), புற்றுநோய்க்கு வழி விடக்கூடிய இந்த இரண்டும் மேலேயும் இல்லை என்று தெரிந்தால்தான் நிம்மதி முழுமையாகும். இப்போதைக்கு மூச்சுப் பரிசோதனை போதும், உடனே மூன்றாவது எண்டோஸ்கோபிக்கு ஓட வேண்டாம்.

சிவந்திருக்கிறது என்று எண்டோஸ்கோபியில் எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 26 வருடத்தில் நான் பார்த்தது, வயிறு செக்கச்செவேல் என்று இருக்கிறவர் ஒரு தொந்தரவும் இல்லை என்பார், கண்ணாடி மாதிரி இருக்கிறவர் எரிச்சலில் துடிப்பார். கண்ணுக்குத் தெரிகிற சிவப்புக்கும் எரிச்சலுக்கும் கணக்கு சரியாகப் பொருந்துவதே இல்லை. கிருமியை ஒழித்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தும் அந்தத் திம்மென்ற உணர்வும் எரிச்சலும் இருந்தால் அதை ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா என்பார்கள். கற்பனை நோய் என்று அர்த்தம் இல்லை. இரைப்பை விரிய வேண்டிய நேரத்தில் சரியாக விரியாது, நரம்பு கொஞ்சம் தொட்டாலும் கூச்சல் போடும். அதற்குத் தனி மருந்துகள் இருக்கின்றன, ஆன்டிபயாடிக் இல்லை.

இன்னும் சில கேள்வி, பதில் எழுதுங்கள். தலைவலிக்கோ முதுகு வலிக்கோ டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வயிற்றைப் புண்ணாக்கும் வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? வைட்டமின் பி12, ஹீமோகுளோபின் பார்த்தார்களா? பித்தப்பைக்கு ஸ்கேன் எடுத்தார்களா? எடை குறைந்திருக்கிறதா? மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனால், வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ வந்தால், விழுங்கும்போது அடைத்தால், எடை காரணமில்லாமல் இறங்கினால், இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாத்திரையை நிறுத்தினால் ஒன்று நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் அடக்கி வைத்த அமிலம் திடீரென்று பொங்கும். முதல் ஒரு வாரம், இரண்டு வாரம் எரிச்சல் முன்பைவிட அதிகமாகலாம். ஐயோ, கிருமி திரும்பிவிட்டது என்று நினைத்துப் பாதியில் மாத்திரையைப் போட்டுவிடாதீர்கள், அப்புறம் நாள் கணக்கு முதலிலிருந்து. தாங்க முடியாவிட்டால் ஜெல் குடிக்கலாம். ஃபெமோடிடின் என்கிற வேறு வகை அமில மாத்திரைகூட டாக்டர் சம்மதித்தால் சாப்பிட்டு, பரிசோதனைக்கு ஓரிரு நாள் முன்னால் நிறுத்திக்கொள்ளலாம்.

மலர்_கரூர்

அக்கா, நீங்கள் கேட்ட முதல் கேள்வியைப் படித்ததும் எழுந்து போய் என் கைப்பையைப் பார்த்தேன். மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் கழுத்து வலி வரும், அதற்கு வாரத்தில் இரண்டு மூன்று டைக்ளோஃபெனாக் சாப்பிடுவேன். வயிற்று டாக்டரிடம் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டபோது சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைத்தான் கேட்கிறார் என்று நினைத்து இல்லை என்று சொல்லியிருக்கிறேன். எடை இறங்கவில்லை. பி12 பார்க்கவில்லை. ஸ்கேனில் பித்தப்பை சுத்தம்.

முதல் டாக்டரிடம் திங்கட்கிழமை போகிறேன். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகிறேன்.

தறி

வைகைக்கரை அண்ணா, மாமாவிடம் கேட்டேன். அவருக்கும் இரண்டாவது தடவை வேறு மருந்துதான் கொடுத்திருக்கிறார்கள், மலம் கறுப்பாகப் போனதாம். நான் தெரியாமல் சொல்லிவிட்டேன். மலர் அக்கா, அதைச் சாப்பிட வேண்டாம்.

மலர்_கரூர்

ஐந்து வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். முடிவு வராமல் எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

டாக்டர் தாளை வாங்கி முழுசாகப் படித்தார். கோபப்படுவாரோ என்று பயந்துகொண்டுதான் கொடுத்தேன். மலப் பரிசோதனைக்கு முன் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, தவறுதான் என்று அவரே சொன்னார். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. டைக்ளோஃபெனாக்கை அன்றோடு நிறுத்தச் சொன்னார், கழுத்துக்கு பாராசிட்டமாலும் பிசியோதெரபியும்.

மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, அக்கா, நீங்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் நான் நிச்சயம் திரும்ப ஆரம்பித்திருப்பேன். ராத்திரி தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்து, ஜெல் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். பத்து நாளுக்கு மேல் தானாக அடங்கியது. முழுசாகப் பதினாறு நாள் விட்டுத்தான் போனேன்.

மூச்சுப் பரிசோதனை கரூரில் எனக்குக் கிடைக்கவில்லை, திருச்சிக்குப் போனேன். காலை ஆறு மணி பஸ், வெறும் வயிறு. கேப்சூல், பிறகு காத்திருப்பு, பிறகு அந்த அட்டையில் ஊதினேன். ஊதும்போது அப்பா ஞாபகம். அவர் காலத்தில் இது இருந்ததா என்று தெரியவில்லை, இருந்தாலும் எங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்.

நெகட்டிவ். எல்லைக்கோட்டுக்கு ரொம்பக் கீழே இருக்கிறது என்று ரிப்போர்ட் கொடுத்தவர் விரலை வைத்துக் காட்டினார்.

பி12 குறைவு என்று வந்திருக்கிறது, அதற்கு ஊசி போடுகிறார்கள். மேல்பகுதியிலும் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன், குடும்ப வரலாறும் இந்த பி12ம் இருப்பதால் ஆறு மாதம் கழித்து ஐந்து இடத்திலும் எடுத்துப் பார்க்கலாம் என்றார். எரிச்சல் இப்போது வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வருகிறது. இரண்டு இட்லி சாப்பிட்டால் திம்மென்று ஆவது இன்னும் இருக்கிறது, மூன்றாவது இட்லிக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அந்தப் பீரோ மருந்தைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள், பரவாயில்லை.

ஒரு கேள்வி மட்டும். எனக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி, இரண்டு பிள்ளைகள். யாருக்கும் தொந்தரவு இல்லை. அவர்களுக்குப் பார்க்க வேண்டுமா?

வைகைக்கரை

தங்கச்சி, படித்ததும் கண் கலங்கிவிட்டது. நல்லா இருங்க.

ஈப்போ_அக்கா

அண்ணனும் தம்பியும் கட்டாயம் பார்க்க வேண்டும், தொந்தரவு இல்லாவிட்டாலும். இரைப்பைப் புற்றுநோய் வந்தவரின் கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒழித்துவிட வேண்டும் என்பது இப்போது பல நாடுகளிலும் சொல்லும் வழிமுறை. தென்கொரியாவில் அப்படிப்பட்ட உறவினர்களை மட்டும் எடுத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2020ல் வந்தது, மருந்து கொடுத்த பிரிவில் புற்றுநோய் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. அவர்கள் இதுவரை மருந்தே சாப்பிடாதவர்கள், அதனால் மலப் பரிசோதனையே போதும், அமில மாத்திரை சாப்பிட்டால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு. ரத்தப் பரிசோதனை வேண்டாம்.

பிள்ளைகளுக்குத் தொந்தரவு இல்லையென்றால் இப்போது பார்க்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பதில் நன்மையைவிடத் தொல்லை அதிகம். பெரியவர்கள் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நுண்ணோக்கி

அக்கா, அவர்கள் மாதிரி கொடுக்கும்போது ஒன்று மட்டும். வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் வேண்டாம், தண்ணீராகப் போனால் ஆன்டிஜன் கலங்கி ரிசல்ட் சரியாக வராது. காலையில் எடுத்து அன்றே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

மலர்_கரூர்

அண்ணனிடம் பேசினேன். முதலில் எனக்கு என்ன கேடு என்றுதான் சொன்னான், அப்பாவுக்கும் ஆரம்பத்தில் ஒன்றும் இல்லை என்றேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு வியாழக்கிழமை கொடுத்துவிடுகிறேன் என்றான். தம்பி துபாயில் இருக்கிறான், பொங்கலுக்கு வரும்போது செய்கிறானாம்.